போன சீசன் முதலிடம்

டில்லிபாபு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். "பாரு மாமா. அஞ்சு வருஷக் கணக்குல இந்த ஃபண்டுதான் ஃபர்ஸ்ட்டு. உன் போனுக்கு ஓடிபி வந்துகீது பாரு. சொல்லு, முடிச்சுட்டு சாப்புடலாம்."

ரகுபதி போனைக் கையில் பிடித்திருந்தார். முப்பது வருஷம் காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக இருந்தவர். முட்டி தேய்ந்துபோய், படகில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டார். பென்ஷன் கிடையாது. இனிமேல் அவரும் மனைவி முத்தம்மாவும் சாப்பிட வேண்டியது அந்தப் பணத்தில்தான். பாதியை பேங்கில் போட்டாயிற்று. மீதியை எங்கே போடுவது என்பதுதான் இன்றைய சண்டை.

டில்லிபாபு முத்தம்மாவின் தம்பி, மியூச்சுவல் ஃபண்டு ஏஜென்ட். முட்டி ஆபரேஷனின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன். அவனிடம் எப்படி முடியாது என்பது?

"சொல்லாத நைனா," என்றாள் மகள் வினிதா. விம்கோ நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். "இண்டெக்ஸ் ஃபண்டுல போடு."

"ஆரம்பிச்சுட்டாங்க டீச்சரம்மா! டிரைவரே இல்லாத படகு மாமா அது. நீ ஏறுவியா?"

அது சரியான இடத்தில் குத்தியது. ரகுபதி மகளைப் பார்த்தார்.

"ஆளு இல்லாம இல்ல. எந்த ஷேரை வாங்கலாம்னு பொறுக்குற ஆளுதான் இல்ல," என்றாள் அவள். "பெரிய கம்பெனி அம்பதுன்னு ஒரு பட்டியல் கீது நைனா. பெரிசுல அதிகம், சின்னதுல கம்மின்னு அம்பதையும் வாங்கிடுவாங்க. அவ்ளோதான். அதனால செலவு கம்மி. மாமா சொல்றதுல ஒரு மேனேஜர் பொறுக்கி எடுப்பாரு. லாபமோ நஷ்டமோ, வருஷா வருஷம் அதுக்குண்டான பீஸ் உன் பணத்துலருந்து போவும். மாமா கமிஷனும் அதுலதான்."

"நான் இன்னா, காத்தத் துன்னு வாழட்டுமா?"

செலவுக் கணக்கு ரகுபதிக்குச் சட்டென்று பிடிபட்டது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் டீசலும் ஐஸும் முதலில் கழியும். மிச்சம்தான் பங்கு. ஆனால் டீசல் அதிகம் குடிக்கிற படகு மீனும் அதிகம் கொண்டுவரலாமே? முதலிடம் என்கிறானே!

"அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல எது ஃபர்ஸ்ட்டு?" என்றார்.

வினிதா தன் போனில் தேடிக் காட்டினாள். அன்றைய முதல் ஃபண்டு இப்போது கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. டில்லிபாபு காட்டியது அன்று நடுவில் எங்கோ.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும்போது, போன சீசனில் அதிகம் பிடித்த டிரைவரைத்தான் ஆட்கள் தேடிப் போவார்கள். வஞ்சிரம் கொட்டிய ஒரு சீசனுக்குப் பிறகு ரகுபதி வாசலிலும் அப்படித்தான் கூட்டம். அப்படி வந்தவர்கள் அந்த வருஷம் முழுக்க வெறும் வலையை இழுத்தார்கள். அவர் ஒன்றும் தொழிலை மறந்துவிடவில்லை. அதே கண், அதே கை. மீன் வேறு பக்கம் போயிருந்தது, அவ்வளவுதான்.

"மாமா, டைம் போவுது. ஓடிபி செத்துடும்."

"சாவட்டும்டா."

அடுப்படியில் முத்தம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. டில்லிபாபு மெல்ல எழுந்தான். "ஆஸ்பத்திரிக்கு நான் வேணும். இதுக்கு வாணாம். அப்டித்தான?"

"அது வேற, இது வேற மச்சான்." ரகுபதி அவன் கையைப் பிடித்தார். "துன்னுட்டுப் போடா."

"நீயே துன்னு."

பைக் உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பியது. "என் தம்பிய வெறும் வயித்தோட அனுப்பிட்ட," என்று முத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரகுபதி மகளிடம் கேட்டார்: "நீ சொல்ற ஃபண்டு வுழுமா?"

"வுழும். மார்க்கெட்டு வுழுந்தா இதுவும் கூடவே வுழும். அன்னிக்கு பயந்துகினு வெளிய எடுத்தேன்னு வையி, போச்சு. தொடாம இருப்பியா?"

அவருக்குத் தெரியவில்லை. விழுகிற நாளில் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்க இனி ஒருத்தனும் இல்லை.

"இருந்துதான் ஆவணும்," என்றார். "போடு."