சர்வீஸ் விளக்கு

"பொணத்தப் போட்டுட்டு எங்கடி எழுந்திரிக்கிற?" என்று நாத்தனார் குஞ்சம்மாள் முந்தானையைப் பிடித்தாள். சந்திரா அதை உருவிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் நின்ற கணவரின் காரைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். ஒருவர்கூட உள்ளே ஏறியபாடில்லை.

அவள் கணவர் கோவிந்தராசு அன்று விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். சேதி கேட்டுச் சென்னையிலிருந்து புறப்பட்ட மகள் ஷர்மிளா, பஸ் பழுதாகி, கைக்குழந்தையோடு கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் நடுரோட்டில் நிற்கிறாள். வருகிற பஸ் எதுவும் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பட்டினச்சேரி ஊர்க்காரர்கள் கூடிப் பேசி முடித்தாயிற்று. சனிக்கிழமை வேறு, டவுன் வாடகைக் கார்கள் எல்லாம் திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோயிலில் நிற்கும். மகளைக் கூட்டிவர இந்தக் கார்தான் கதி.

"இன்னுமா கெளம்பல, தம்பி?"

கொழுந்தன் சிவபாலன் தலையைச் சொறிந்தான். "சர்வீஸ் லைட்டு எரியுது அண்ணி. நடுவழியில நின்னுட்டா? மெக்கானிக் மருதையனுக்குப் போன் போட்டிருக்கோம்."

"எப்ப வர்றானாம்?"

"வந்துருவான்."

பேட்டரி வயரைக் கழற்றலாம் என்றார் ஒருவர். வேண்டாம், வண்டியே செத்துவிடும் என்றார் இன்னொருவர்.

சந்திராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது கோளாறு இல்ல. ஆயில் மாத்தச் சொல்லி ஞாபகப்படுத்துற லைட்டு. முந்தாநாளுதான் உங்கண்ணன் இங்க வச்சே ஆயில் மாத்துனாரு. லைட்ட அணைக்கல, அவ்ளோதான்."

"அப்ப அண்ணனையே..." என்று தொடங்கிய சிவபாலன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். அந்த விளக்கை அணைப்பது ஒரே ஆள் செய்துவிடக்கூடிய வேலை. சுனாமிக்குப் பிறகு கடலை விட்டுவிட்டு இந்தப் பழைய காரை வாங்கி ஓட்டிய மனுஷனுக்கு அது மட்டும் தனியாக வராது. குழம்பு கொதிக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார். அவள் மீட்டர் பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அவர் சாவியைத் திருப்புவார். "வுடாத, வுடாத... ஏன் வுட்ட?" தெருவே கேட்கும். முந்தாநாளும் கூப்பிட்டார். "கையெல்லாம் மீனு, போங்க" என்று சொல்லிவிட்டாள்.

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி மறுபடி சாவியைத் திருப்பினாள். விளக்கு அப்படியே எரிந்தது.

"நான் சொல்லல?" என்றார் பேட்டரிக்காரர்.

"செத்த சும்மா இருக்கீங்களா எல்லாரும்!"

உள்ளே ஒப்பாரிகூட ஒரு கணம் நின்றது. குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

மொத்தக் கிலோமீட்டர் காட்டுகிற கட்டத்தில் வைத்துச் செய்தால் அணையாது, அதை மறந்திருந்தாள். பொத்தானைத் தட்டி, ஒரு பயணத்துக் கிலோமீட்டர் காட்டுகிற கட்டத்துக்கு மாற்றிவிட்டு, மறுபடி அணைத்தாள், அமுக்கினாள், திருப்பினாள். விரல் நுனி வெளுத்தது. கட்டத்தில் தோன்றிய கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து பூஜ்யங்கள் வந்தன. மஞ்சள் விளக்கு சிமிட்டி அணைந்தது.

"பாத்துக்கிட்டீல்ல? கெளம்பு. புள்ள வெயில்ல நிக்கிது."

அவள் இறங்கிக்கொள்ள, சிவபாலன் ஏறினான். அண்ணனைவிடக் குட்டை, கால் எட்டவில்லை. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இறுகிப்போயிருந்த சீட்டை உலுக்கி உலுக்கி முன்னால் இழுத்தான். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினான்.

சந்திரா தடுக்கப்போவதுபோலக் கையை நீட்டினாள். பிறகு அந்தக் கையாலேயே கதவைச் சாத்திவிட்டாள்.