உறை மாறிய தம்பி

எனக்கு ஜாஸ் பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்து இதை ஊரறியச் சொல்லி வருகிறேன். அந்தப் பைத்தியம் என் கணவருக்குத்தான்.

அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடையைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அட்டைப்பெட்டிகள் எல்லாம் வரிசை பிசகாமல் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கேட்ட மாத்திரை வரும். அதே மனிதர் வீட்டுக்கு வந்து, கை கழுவித் துடைத்துக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு ஆள். இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்ததும் முதலில் மோந்து பார்ப்பார். மெல்லிய பிரஷால் ஒரு சுற்றுத் தடவுவார். முள்ளை இறக்கிவிட்டுக் கண்ணை மூடுவார். அதற்குப் பிறகு அவரிடம் அசைவது வலது முழங்கால் மட்டும்தான்.

தட்டு முடிந்ததும்தான் கூத்து ஆரம்பிக்கும். முடிந்ததை அதன் உறையில் போடமாட்டார். அடுத்த தட்டை எடுத்துச் சுழலவிடுவார். அது இருந்த உறை கையில் காலியாக இருக்கிறதல்லவா, முடிந்த தட்டை அதற்குள் சொருகிவிடுவார். அதுவும் முடிந்தால் அது அதற்கடுத்த தட்டு இருந்த உறைக்குள் போகும். எங்கள் அலமாரியில் எந்தத் தட்டும் சொந்த வீட்டில் குடியிருந்ததில்லை. ஒரு தட்டு வேண்டுமென்றால், கடைசியாக அதைக் கேட்ட பிறகு என்ன போட்டோம் என்று யோசித்து, அந்தத் தட்டு இருந்த உறையைத் திறக்க வேண்டும். எல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது.

"இதுல என்ன கஷ்டம்? ஞாபகம் இருக்கே," என்பார்.

நான் திரைச்சீலை தைக்கிறவள். மெஷின் பக்கத்து அறையில் இருக்கிறது. கதவைச் சாத்தினாலும் பாட்டு இடுக்கு வழியாக வந்துவிடும். வாசிப்பது யார், எந்தக் காலத்து ஆள், ஒன்றும் எனக்குத் தெரியாது. என் வசதிக்கு நானே பட்டப்பெயர் வைத்திருந்தேன். ட்ரம்பெட் ஆரம்பிப்பதற்கு முன் யாரோ தும்முவது அப்படியே பதிவாகியிருக்கும் தட்டு 'தும்மல்'. பியானோ மேலிருந்து கீழே தடதடவென்று ஓடிவரும் தட்டு 'படியிறங்கி'. ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடுவது 'அழுமூஞ்சி'. ஒரே ஒரு தட்டுக்குத்தான் பட்டப்பெயர் வைக்கவில்லை. அது என் தம்பி வாசித்தது.

தம்பி படிக்கிற காலத்தில் டபுள் பேஸ் வாசித்தான். ஆள் உயரத்துக்கு நிற்குமே, விரலால் சுண்டிச் சுண்டி வாசிப்பார்களே, அந்த வாத்தியம். நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒரு தட்டு வெளியிட்டார்கள். வந்தவர் போனவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளாத புத்திசாலி அவன். பிறகு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தான். வாத்தியம் கைமாறிப் போனது. தலை நரைக்கும்வரை கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாதவன், இப்போது ஒரு கால்நடை மருத்துவரைக் கட்டிக்கொள்ளப் போகிறான். அன்று சாயங்காலம் அவளை முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தது.

மத்தியானம் போன் செய்தான்.

"அக்கா, நான் வாசிச்சேன்னு சொன்னா அவ நம்பவே மாட்டேங்குறா. பாலிசி பேப்பர் புரட்டுற விரலான்னு சிரிக்கிறா. மாமாகிட்ட சொல்லி அந்த ரெக்கார்டை எடுத்து வைக்கச் சொல்லு. அவளுக்கு அதை ஒரு தடவை போட்டுக் காட்டணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்புக்குள் இருந்த ஆசை அக்காவுக்குத் தெரியாமல் போகுமா?

சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன். உற்சாகமாகத் தம்பியின் உறையை உருவித் திறந்தார். உள்ளே படியிறங்கி. அது வழக்கம்தான், திரும்ப உள்ளே தள்ளினார். தம்பியின் தட்டுக்குப் பின்னால் என்ன போட்டோம் என்று யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அன்னிக்குத்தான் எனக்குக் காய்ச்சல்," என்றார். "மாத்திரை போட்டுட்டு அரைத்தூக்கத்துல கேட்டேன். சுத்தமா ஞாபகம் இல்ல."

ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவர் தன் மாத்திரைக்கே கவிழ்ந்திருக்கிறார். அலமாரி தரையிலிருந்து கூரைவரை நிற்கிறது. முதல் உறையிலிருந்து திறக்க ஆரம்பித்தார். அவசரத்தில் இரண்டு கீழே விழுந்தன. எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"தும்மல்," என்றேன்.

"எனக்கா? தும்மலையே."

"தம்பியோடது முடிஞ்சதும் தும்மல் போட்டீங்க. அதுக்கப்புறம் அழுமூஞ்சி. நான் பல் டாக்டருக்கு நீலத் திரை தைச்சிட்டிருந்தேன். தம்பி வாசிக்கிறப்ப என் கால் தானா சீரா மிதிக்கும். தையல் நேரா ஓடிட்டிருந்துது. திடீர்னு அந்த ஆள் தும்மித் தொலைச்சான், கை ஆடிப்போச்சு. கீழ்மடிப்புல கோணல் விழுந்துது."

அவர் உறையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"அழுமூஞ்சி யாரு?"

சொன்னேன். மூக்கை உறிஞ்சியும் காட்டினேன்.

"அவங்க எவ்வளவு பெரிய பாடகி தெரியுமா?"

"பெரிய பாடகின்னா மூக்கைச் சிந்திட்டு வந்து பாடக்கூடாதா?"

வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தும்மல் இருந்த உறை வீட்டில் இல்லை. அலமாரிப் பலகை வளைகிறதென்று நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். காய்ச்சலுக்கு மறுநாள் புதுத் தட்டு ஒன்று வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக, உள்ளே இருப்பது தும்மல் என்று நினைத்து அந்த உறையைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டார். திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இத்தனை தட்டு இருக்க, உங்களுக்குப் பிடிச்ச அதைப் போய் ஏன் கொடுத்தீங்க?"

அசடு வழிந்தார். "அது வந்தாலே உன் மெஷின் நின்னுடும். ஒவ்வொரு தடவையும் கவனிச்சிருக்கேன். உனக்குத் தொந்தரவா இருக்கேன்னுதான்."

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மனிதர் என் மெஷினையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்புங்க," என்று மட்டும் சொன்னேன்.

பல் மருத்துவமனை அடுத்த தெருவில் ஒரு மாடியில் இருக்கிறது. படியேறும்போது மேலே பல்லைக் குடையும் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

"தம்பி," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்காது. வாங்க."

காத்திருப்பு அறையில் அவனேதான் சுழன்றுகொண்டிருந்தான். டும், டும் என்று அவசரமில்லாத அந்த நடை. கன்னம் வீங்கிய ஒருவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் என் நீலத் திரை, கோணல் மடிப்போடு. டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார்.

"அருமையான ரெக்கார்டு சார். ஒரே ஒரு சந்தேகம். நீங்க சொன்ன ட்ரம்பெட் எப்ப வரும்? நானும் தினமும் போட்டுப் பாக்குறேன், வரவே மாட்டேங்குது."

"தட்டு நடுவுல பேர் எழுதியிருக்குமே டாக்டர், பாக்கலையா?"

"நாள் முழுக்க வாய்க்குள்ள பாக்குறேன். இதையும் வேற பாக்கணுமா?"

விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். தட்டைக் கழற்றித் தரும்போது மட்டும் கொஞ்சம் முகம் வாடியது. இதைப் போட்டால் நோயாளிகள் அடம் பிடிக்காமல் வாயைத் திறக்கிறார்களாம். நிஜத் தும்மலைக் கொண்டுவந்து தருவதாக என் கணவர் வாக்குக் கொடுத்தார். வீடு வரும்வரை தட்டை நான்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். அவர் கையில் கொடுக்க அன்றைக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அவள் கலகலவென்று பேசினாள்; ஒரு முரட்டுக் காளையிடம் உதை வாங்கிய கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. தம்பிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கணவர் தட்டை மோந்தார், தடவினார், முள்ளை இறக்கினார்.

நடுவில் மற்றவர்கள் எல்லாம் அடங்கி, தம்பி தனியாக வாசிக்கும் இடம் வந்தது. தம்பியின் விரல்கள் அவனை அறியாமலே முழங்காலில் சுண்டிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். மெதுவாக அந்தக் கையை எடுத்து, திருப்பி, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த விரலா?" என்றாள்.

"இதேதான்."

"நிஜமாவே நீங்கதானா?"

தம்பி தலையாட்டினான். காது வரை சிவந்திருந்தான். அவள் அந்தக் கையைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன், யார் பார்த்தால் என்ன.

தட்டு முடிந்தது. கணவர் எழுந்து அலமாரியருகே போய், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"அடுத்து என்ன போடட்டும்?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டதேயில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்காது. ஜாஸ் பிடிக்காதவளிடம் எப்படிக் கேட்பார்?

"படியிறங்கி," என்றேன்.

எது என்று அவர் கேட்கவில்லை; வழியிலேயே என் பட்டப்பெயர்களை எல்லாம் கேட்டு வைத்திருந்தார். தம்பியின் உறையை உருவினார். அதற்குள்ளிருந்து படியிறங்கியை எடுத்துச் சுழலவிட்டார். கையில் காலி உறை இருந்தது. பழக்க தோஷம், முடிந்த தட்டை அதற்குள் சொருகினார். தம்பி தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

நான் மெஷின் அறைக்குப் போகவில்லை. முக்காலியை இழுத்துப் பிரம்பு நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பியானோ படியிறங்கத் தொடங்கியது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என் பக்கம் சாய்ந்தார்.

"ஜாஸ் பிடிக்காதுன்னு சொன்ன?"

"பேசாம கேளுங்க," என்றேன்.