நடை சாத்திய பின் வரும் பாரம்

1984ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில், ஜகந்நாதன் வீட்டுக் கார்ப் பாதையில் பரப்பியிருந்த செம்மண் சரளையைக் கண்ணுக்குத் தெரியாத வண்டியொன்று மாவாக அரைத்தது. அவ்வாரம் கத்தரிக்காய் விலை இறங்கியிருந்தது. வெயில் வழக்கத்தைவிட முன்னதாகவே ஏறியிருந்தது. இவை தவிர ஊரில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி வேறில்லை. உச்சிப்பொழுது கழிந்து ஆண்டாள் கோயில் நடை சாத்தப்பட்டு, தெருக்களில் ஆள் நடமாட்டம் ஓய்ந்திருந்த வேளை அது. பூட்டிய இரும்புக் கேட்டு பூட்டியபடியே இருக்க, அதற்கு உட்புறம் திருகையில் கேழ்வரகு அரைபடுவது போன்ற ஓசை எழுந்தது. ஜகந்நாதனின் மனைவி பெருந்தேவி சன்னல் வழியே பார்த்தாள். இரண்டு கோடுகளில், ஒரு முழ அகலத்திற்கு, சரளைக் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துத் தூளாகிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் எதுவும் இல்லை. கோடுகள் கேட்டிலிருந்து சிறிது தூரம் உள்ளே வந்து நின்றன. சற்று நேரம் கழித்து, சுமையை இறக்கிவைத்த மாட்டின் முதுகைப்போல் தரை மெல்ல மேலெழும்பிற்று. பிறகு ஒன்றுமில்லை.

எதிர் வீட்டுக்காரர் அது லாரியின் வேலை என்று சொன்னார். பூட்டிய கேட்டின் வழியாக லாரி எவ்வாறு நுழையும் என்று அவரை யாரும் வினவவில்லை. வினவாமல் விட்டதனால் அந்தப் பொய் இன்றளவும் அத்தெருவில் உலவிவருகிறது. பார்வையிட வந்த பொறியாளர் ஒருவர் மண் இறங்கிவிட்டது என்றார். மண் இறங்கினால் பள்ளம் விழும், கல் மாவாகாது. கல்வி கற்ற இருவர் கண்ணால் கண்டதை விட்டுவிட்டுத் தமக்கு வசதியானதைச் சொன்னபோது, உண்மைக்கு ஏற்ப நடந்துகொண்டது அவ்வீட்டு நாய் மட்டுமே. ராஜபாளையத்து வெள்ளை நாய். காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற இனம். அன்று அது காரின் அடியில் புகுந்து, முன்னங்கால்களால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தது. அதன்பின் தன் ஆயுள் முடியும்வரை, நடை சாத்தும் வேளை நெருங்கினால் பின்புறச் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடிவிடும்.

ஜகந்நாதன் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தார். நூலை இருமுனையிலும் பிடித்துப் பாரம் ஏற்றி, எந்தப் பாரத்தில் அறுகிறது என்று பார்ப்பதே அவருடைய அன்றாட வேலை. அறுந்தால் நூல் மட்டம். அதற்கு மேல் ஆராய்ச்சி இல்லை. அதே அளவுகோலைத் தம் வீட்டுப் பாதைக்கும் அவர் வைத்தார். சரளை தாங்கவில்லை; ஆகவே சரளை மட்டம். வந்தது எது என்று அவர் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, சுந்தரபாண்டியத்துக் கொத்தனார் ஆண்டிச்சாமியை அழைத்து, செங்கற்களைக் குத்தாக நிறுத்திப் பதிக்கச் செய்தார். ஆடி பிறக்கும் முன் அந்தப் பாரம் மீண்டும் வந்தது. செங்கற்கள் பிளந்தன. ஆனால் தடம் இம்முறை செம்பருத்திச் செடிவரை வந்திருந்தது.

ஜகந்நாதன் கலவையைக் குறை கூறினார். ஆண்டிச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

“சாமி, இந்தத் தெருவுல பாதி வீடு நா கட்டுனது. எவம் வீட்டுலயாச்சும் ஒரு கல்லு அசஞ்சிருக்கா? ஒங்க வீட்டுக்கு மட்டும் எமன் வண்டி பூட்டிட்டு வாரான்னா, அதுக்குக் கொத்தன் என்ன செய்வான்?”

“வாயை மூடு. சிமெண்டைக் குறைச்சிருப்ப.”

“கொறச்சிருந்தா அந்த வண்டி என் மேலயே ஏறட்டும்” என்று சொல்லிவிட்டு, சொன்னதை எண்ணி நடுங்கி, கரண்டியைக்கூட எடுக்காமல் ஆண்டிச்சாமி பேருந்து ஏறிவிட்டான். மறுநாள் மகளை அனுப்பிக் கரண்டியைப் பெற்றுக்கொண்டான்.

ராஜபாளையத்தில், தென்காசி சாலையில், கல் வியாபாரம் செய்துவந்தவர் அகமது கபீர். 1988இல் அவரிடம் கடப்பாக்கல் வாங்கப்பட்டது. கனமான கற்களாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் சுண்டி ஓசை கேட்டு, ஜகந்நாதனே வண்டியில் ஏற்றுவித்தார். பாரம் வந்து அவற்றை அப்பளம்போல் நொறுக்கிவிட்டுக் கிணற்றடி வரை சென்றது. கேட்டுக்குப் பின்னால் குறுக்குச் சுவர் எழுப்பிப் பார்த்தார். சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை, சுவரின் அப்புறம் தடம் தொடர்ந்தது. அது தரையை மட்டுமே அறியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சுவரை இடித்துவிட்டு மீண்டும் கபீரிடம் போனார்.

“சாமி, இதவிடக் கெட்டின்னா மலையத்தான் பேத்துக் கொண்டாரணும்” என்றார் கபீர். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருடைய கண்கள் சிரிக்கவில்லை. “ஒண்ணு சொல்லட்டுமா? கம்பி கட்டி காங்கிரீட்டு போடுங்க. மில்லுல மெசினு நிக்கிற தரை மாதிரி. அதுவும் ஒடஞ்சா, எங்கிட்ட வராதீங்க. பள்ளிவாசலுக்கோ பெருமாள் கோயிலுக்கோ போங்க.”

1990இல் கான்கிரீட்டு போடப்பட்டது. முழங்கை உயரத்திற்குக் கருங்கல் ஜல்லி, விரல் பருமனுள்ள கம்பி, சாக்கு விரித்துப் பல நாள் நீர் பாய்ச்சிய பதம். ஓராண்டுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஜகந்நாதன் தம் பியட் காரை அந்தப் பாதையில் ஓட்டிப் போய்வந்தார். மாலையில் நாற்காலியை எடுத்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். பெருந்தேவி பாதையின் இருபுறமும் கோலமிட்டாள். பிறகு ஒரு பிற்பகலில், கோயில் நடை சாத்தியதும், பாரம் வந்தது. இம்முறை திருகை ஓசை எழவில்லை. கான்கிரீட்டு உடையவில்லை, பிசைந்த மாவில் உருளும் சக்கரத்திற்கு மாவு இடம் கொடுப்பதுபோல், இரண்டு வழவழப்பான பள்ளங்களாக அமுங்கிக் கொடுத்தது. தடை ஏதுமின்றி, மிக எளிதாக, அந்தப் பாரம் கார் நிற்கும் முகப்பின் தூண்கள் வரை உருண்டு வந்து நின்றது. ஜகந்நாதன் உறுதியான பொருளைத் தேடினார், கிடைத்துவிட்டது.

அன்றிரவு பெருந்தேவி சோறு பரிமாறவில்லை. வாசற்படியில் நின்றபடி, “ஏன்னா, புரியறதா உங்களுக்கு? சரளையில அதால நாலடி வைக்க முடியலை. செங்கல்ல செடி வரைக்கும் வந்தது. கல்லுல கெணத்தடிக்கு வந்தது. நீங்க அதைத் தடுக்கலை. அதுக்கு ரோடு போட்டுக் குடுத்துண்டு இருக்கேள்” என்றாள். ஏழாண்டுகளாகப் பார்த்துவந்த ஒன்றை அதுவரை அவள் சொல்லாமலிருந்ததற்குக் காரணம், கணவர் செய்வதில் குறை காண்பது முறையன்று என்று அவளுக்குக் கற்பித்திருந்ததுதான். அத்தகைய கல்வியால் விளைந்த கேட்டுக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மறுநாளே பாதையைப் பெயர்க்க ஆட்கள் வந்தார்கள். கடப்பாரைகள் வளைந்தன. பாரம் ஏறிய கான்கிரீட்டு இரும்பினும் இறுகிவிட்டிருந்தது. மேலே கொட்டிய மண் அடுத்த காற்றில் பறந்துபோயிற்று. பள்ளங்கள் இரண்டும் துடைத்த பாத்திரம்போல் மின்னின.

1993இல் அவர்களுடைய ஒரே மகள் கோதைநாயகி, சென்னையில் சீமந்தம் முடிந்து, தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தாள். வரவேண்டாம் என்று ஜகந்நாதன் எழுதியிருந்தார். காரணம் எழுதாத கடிதத்தைச் சம்பந்தி வீட்டார் அவமதிப்பாகக் கொண்டார்கள். முகப்பை ஒட்டிய இடப்புற அறையில் அவளுக்குக் கட்டில் போடப்பட்டது. அவள் வந்த ஒரு வாரத்தில் பாரம் வந்தது. அதுவரை நூல் பிடித்தாற்போல் நேராக வந்த தடம், முகப்பினுள் நுழைந்ததும் இடப்புறமாக வளைந்திருந்தது. கட்டிலைத் தூக்கி வலப்புறத்துப் பின்னறையில் போட்டார்கள். அடுத்த முறை வந்தபோது, தடம் வலப்புறமாகத் திரும்பிக் கூடத்து வாசற்படியை நோக்கி இருந்தது. முகப்பின் தரையில் அமுங்கிய அந்த வளைவைப் பெருந்தேவி கையால் தடவிப் பார்த்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. பயணம் செய்யவே கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டமையால், மகளை வேறிடம் அனுப்பவும் வழியில்லாமற் போயிற்று. நிறைமாதமாகிவிட்டது. அவ்வீட்டில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. குக்கர் சத்தமிட்டால்கூடப் பெருந்தேவி ஓடிப்போய் அணைத்தாள். ஜகந்நாதன் மில்லுக்கு விடுப்பெடுத்துக்கொண்டு, கூடத்துக்குப் போட வேறு எந்தக் கல் தாங்கும் என்று கபீருக்கு ஆளனுப்பினார். அதைக் கேட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்த கோதைநாயகி சிரித்தாள். அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பின் கேட்ட முதல் சிரிப்பு அது.

“அப்பா, இந்த ஊர்லதானே பொறந்தேள்? தேரை நிறுத்தறதுக்கு யாராவது ரோட்டைக் கெட்டியாப் போடுவாளா? சக்கரத்துக்கு அடியில கட்டைன்னா போடுவா!”

ஆடிப்பூரத் தேர் நகரும்போது, சக்கரத்தின் முன் முட்டுக்கட்டை செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் ஆயிரம்பேர் காண நடக்கும் வேலை. கண்முன் ஆண்டுதோறும் நடந்ததை ஜகந்நாதன் கருதிப் பாராதது வியப்புக்குரியது. ஆனால் நூலைச் சோதிப்பவர் நூலையே பார்ப்பார். கட்டை போடுவதில் தேர்ந்தவனான மொக்கைச்சாமியை அன்றே அழைத்து வந்தார். அவன் புளியமரத்தில் செதுக்கிய இரண்டு கட்டைகளைத் தோளில் சுமந்து வந்து, பள்ளங்களின் ஓரம் குந்தி, நெடுநேரம் பார்த்தான்.

“எனக்குத் தேரு தெரியும். இது கண்ணுக்குத் தெரியாது. அம்புட்டுத்தான் வித்தியாசம்” என்றான். “ஆனா ஒத்தையாளா முடியாது சாமி. ரெண்டு சக்கரத்துக்கும் ஒண்ணா விழணும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தா வண்டி திரும்பிரும். திரும்புனா எம் மேலதான். இன்னொரு ஆளு யாரு?”

ஆண்டிச்சாமிக்குச் சொல்லியனுப்பினார்கள், அவனுக்குக் காய்ச்சல் என்று பதில் வந்தது. எதிர் வீட்டுக்காரர், லாரிக்குக் கட்டை எதற்கு என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாம் கட்டையை ஜகந்நாதன் எடுத்துக்கொண்டார்.

கோதைநாயகிக்கு வலி கண்ட அன்றே அது வந்தது. கோயில் நடை சாத்தியாயிற்று. காகங்கள் அடங்கின. கேட்டின் உட்புறம் பள்ளங்களில் கிடந்த சருகுகள் தட்டையாகி ஒளி ஊடுருவும் தாள்போல் ஆயின. அதைக் கொண்டே சக்கரம் வரும் இடம் அறியப்பட்டது. உள்ளே மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் ஓசை கேட்டது. முகப்பின் தரையில், இடப்பள்ளத்தின் ஓரம் மொக்கைச்சாமியும் வலப்பள்ளத்தின் ஓரம் ஜகந்நாதனும் மண்டியிட்டிருந்தார்கள். சருகு இல்லாத இடத்திற்குப் பாரம் வந்ததும், இருக்குமிடம் தெரியாமற் போயிற்று. ஜகந்நாதன் இடக்கையைத் தரையில் பதித்தார். எந்தப் பாரத்தில் எது அறும் என்பதை இருபதாண்டுகளாக அறிந்திருந்த அந்தக் கை, தரை தன் உள்ளங்கையின் கீழ் இறங்கத் தொடங்கியதை உணர்ந்தது. முகத்தில் குளிர்ந்த காற்று மோதிற்று. ஓடிவிட வேண்டும் என்று அவருடைய கால்கள் தாமே எழுந்தன. அவர் முழங்காலைத் தரையில் அழுத்திக்கொண்டார்.

“போடுங்க சாமி!” என்று மொக்கைச்சாமி கத்தினான்.

இரு கட்டைகளும் ஒன்றாகவே விழுந்தன. வீடு முழுவதும் ஒருமுறை குலுங்கிற்று. மாடத்திலிருந்த விளக்கு கீழே விழுந்தது. கட்டைகள் முனகின, நின்றன. பாரமும் நின்றது. வாசற்படிக்கும் அதற்கும் இடையே ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்குமளவே இடம் இருந்தது. ஜகந்நாதனின் வலக்கை விரல்கள் இரண்டு கட்டையின் அடியில் இருந்தன. அவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பின்வாசல் வழியாகக் கோதைநாயகியை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். விளக்கேற்றும் நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது. விரல் போன கைக்குத் தையல் போட்ட மருத்துவரும் அதே கட்டடத்தில்தான் இருந்தார். எப்படி நேர்ந்தது என்று கேட்டார். லாரி என்று ஜகந்நாதனே சொல்ல வேண்டியதாயிற்று.

அதன்பின் பாரம் போகவில்லை. முன்பெல்லாம் வந்து வந்து போனது, கட்டை விழுந்த பின் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. சுவரைக் கீறாமல் கடந்த அது, நின்ற பின் கைக்குத் தட்டுப்பட்டது. வீட்டின் பக்கவாட்டு மண்தரையில் ஒதுக்கி நிறுத்தியிருந்த பியட் கார், அதைத் தாண்டி வெளியே வரவே இல்லை. அதன் டயர்கள் மண்ணோடு மண்ணாயின. ஜகந்நாதன் பேருந்தில் மில்லுக்குப் போய்வந்தார். மூன்றாம் மாதம் கோதைநாயகி குழந்தையோடு சென்னைக்குப் புறப்பட்டாள். ரயில் விருதுநகரைத் தாண்டியிராது, வலக்கட்டை ஒரு விரற்கடை நகர்ந்தது. மதுரை நிலையத்திற்கு ஆளனுப்பி அவளைத் திருப்பி அழைத்தார்கள். அவள் தெருமுனையில் இறங்கியதும் கட்டை அடங்கிற்று. அவளுடைய கணவன் வங்கியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வில்லிபுத்தூருக்கே வந்துவிட்டான். நல்ல மனிதன், ஒரே ஒருமுறைதான் காரணம் கேட்டான்.

ஆண்டுதோறும் ஆடியில் மொக்கைச்சாமி வந்து கட்டைகளுக்கு எண்ணெய் பூசி, கறையான் பார்த்துவிட்டுப் போகிறான். குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போகிறாள். தரையிலிருந்து ஆளுயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு வாய்ப்பாடு படிக்கிறாள். விழுந்ததில்லை. பிற்பகலில் கோயில் நடை சாத்தியதும், இரு கட்டைகளும் ஒருமுறை முனகும். உள்ளே தலை சாய்த்திருக்கும் பெருந்தேவி, கண்ணைத் திறக்காமலே, “இருக்கு” என்பாள். அதைக் கேட்ட பிறகு கோதைநாயகி துவைத்த துணிகளை எடுத்துவந்து, ஸ்டூலின் மேல் ஏறி, அந்தப் பாரத்தின் மேல் விரிப்பாள். கொடியில் போடுவதைவிட அங்கே சீக்கிரம் உலர்ந்துவிடுகின்றன.