கேட்காமல் எழுதிய பெயர்

மண்டப வாசலில் வரவேற்புக்கு நின்ற பெண், பாப்பாவின் தோளில் ஓர் அட்டையைக் குத்தினாள். ‘மாணவி’ என்று போட்டிருந்தது. ஆள் மாறிப்போச்சு என்று பாப்பா சிரித்தாள். மாறவில்லை, பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அந்தப் பெண்ணும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற அண்ணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பாப்பாவுக்கு நாற்பது வயது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் இன்னும் பாப்பாதான். பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. ஊரில் பாதிப் பேரின் பிறந்தநாள் அவளுக்கு அத்துப்படி. அண்ணி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்குப் பதினோரு வருடமாக, வேலை முடிந்த பிறகு, பழைய மருந்து அறையில் உட்காரவைத்து எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறாள். அதற்குத்தான் இன்றைக்கு மேடை, கேடயம் எல்லாம்.

இந்த விழாவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கௌரவிக்கப்படும் ஒவ்வொருத்தியும் ஒரு பெண்ணின் பெயரைத் தரவேண்டும். அன்று சேரும் நிதியில் அந்தப் பெண் படிப்பாள். வயது வரம்பு இல்லை என்று படிவத்தில் பார்த்ததும் அண்ணியின் கை தானாகப் பாப்பாவின் பெயரை எழுதிவிட்டது. சொன்னால் வேண்டாமென்பாள், மேடையில் கூப்பிட்டால் மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

“என்ன அண்ணி இது?”

“உள்ள போய்ச் சொல்றேன்.”

“இங்கயே சொல்லுங்க.”

அண்ணி அவளைத் தூணோரம் இழுத்துப்போய், மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள். பாப்பாவின் முகம் சுருங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“உங்க பாரத்தை இறக்கி வைக்க என் தலைதான் கிடைச்சுதா?”

என்ன பாரம் என்று அண்ணி கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன் நான்கு மாதக் கைக்குழந்தை, படுக்கையில் மாமியார், பாதியில் நிற்கும் நர்சிங் படிப்பு. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த பாப்பாவை ஒரு வருஷம் வீட்டில் நிறுத்தலாம் என்று கணவனிடம் சொன்னது அவள்தான். ஒரு வருஷம் ஐந்தானது. குழந்தை பள்ளிக்கூடம் போனபோது பாப்பாதான் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பேன்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்குப் போக வேண்டிய எடத்துக்கெல்லாம் போயிட்டுதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பாப்பா உள்ளே போய், கடைசி மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். கழற்றிய அட்டை கவிழ்ந்து கிடந்தது.

அண்ணி மேடையில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. இந்த இரவை அவள் பலமுறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள்: பெயரைச் சொன்னதும் பாப்பா ஓடி வருவாள், கட்டிக்கொள்வாள். அந்தக் காட்சியில் ஒவ்வொரு முறையும் அழுதது தான்தான், தேற்றியது பாப்பா என்பது இப்போதுதான் உறைத்தது. அங்கேயும் அவளிடம்தான் வேலை வாங்கியிருக்கிறாள்.

பாப்பாவின் முழுப்பெயரை அறிவிப்பாளர் வாசித்தார். யாரோ வேறொருத்தியின் பெயர்போல் ஒலித்தது. கைதட்டல் எழுந்து, தேய்ந்தது. பாப்பா எழவில்லை. கூச்சப்படுகிறார், இன்னொரு தடவை தட்டுவோம் என்றார் அறிவிப்பாளர். மறுபடியும் தட்டினார்கள். பக்கத்து மேஜைக்காரி குனிந்து பாப்பாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். பாப்பா கையை விடுவித்துக்கொண்டாள். வரமாட்டேன் என்று அவளைச் சொல்லவைத்தால், நன்றி கெட்டவள் என்ற பெயர் இன்றைக்கே ஒட்டிக்கொள்ளும் என்று அண்ணிக்குப் புரிந்தது.

அண்ணி எழுந்து மைக்கை வாங்கினாள்.

“அவங்களை விட்டுடுங்க. தப்பு என்னோடது. அவங்ககிட்ட கேக்காம எழுதிட்டேன்.” நிறுத்தினாள். இதோடு முடித்துக்கொள்ளலாம். “பதினாலு வயசுல பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தினப்பவும் கேக்கல. நிறுத்தினது நான். என் பிள்ளையப் பாத்துக்கறதுக்காக.”

யாருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அறிவிப்பாளர் மட்டும் எத்தனை நேர்மை என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

அண்ணி இறங்கி வந்தபோது கடைசி மேஜை நாற்காலி காலியாக இருந்தது. பாப்பா வெளியே, வண்டி நிறுத்துமிடத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டா சரியாப் போச்சா?”

“இல்ல.”

“என்னைப் பாவம்னு பாத்தாங்க. நாளைக்கு அவங்கள்ல ஒருத்தி கேக் வாங்க வருவா.”

இதை அண்ணி யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லவும் அவளிடம் கேட்கவில்லையே என்று தோன்றியது. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் பாப்பா தூக்க வேண்டிய இன்னொரு சுமையாகிவிடும் என்று விழுங்கினாள்.

“நீ படிக்கணும்னு நினைச்சிருக்கியா, பாப்பா?”

பாப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தெரியல. யோசிச்சுத்தான் சொல்லணும்” என்றாள். “நீங்க முன்னாடி போங்க அண்ணி. நான் தனியா வந்துக்கறேன்.”

கூடவே வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.