கூட்டிச் சொன்ன வயது

தானியேலுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசைதான். மகன் அருள்தாஸ் சர்க்கார் நாற்காலியில் உட்கார வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். கூலிக்காரனுக்கு வந்த ஆசையைப் பார், முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று சேரியிலேயே சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாரும் அவருக்குக் கஞ்சி ஊற்றவில்லை, அதனால் அவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆசைக்காக அவர் ஒரு பொய்கூடச் சொன்னார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எந்தக் காகிதமும் வேண்டாம். வலது கை தலைக்கு மேலே போய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, அவ்வளவுதான் கணக்கு. அருள்தாஸுக்கு நாலுகூட நிரம்பவில்லை. தானியேல் இரண்டு மாதம், வயலிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிள்ளையின் கையைத் தலைக்கு மேலே இழுத்து இழுத்துப் பழக்கினார். பிள்ளை அழுதான். அவன் அம்மா பவளம் திட்டினாள். சேர்க்கிற அன்று விரல் நுனி எப்படியோ காதைத் தொட்டுவிட்டது. வாத்தியார் ஐந்து என்று எழுதிக்கொண்டார். இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டவர்களிடம் தானியேல் பேச்சை மாற்றினார்.

அருள்தாஸ் நன்றாகவே படித்தான். உத்திரமேரூருக்கு நடந்து போய் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தான். செங்கல்பட்டு வேலைவாய்ப்பு ஆபீசில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான். வருடா வருடம் அட்டையைப் புதுப்பித்தான். நடுவில் ஆண்டை ஏகாம்பரத்தின் கழனியில் அப்பனோடு சேற்றில் நின்றான். பன்னிரண்டு வருடம் போனது. இந்த ஆடியில்தான், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

தானியேலும் கூடவே போனார். உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மகன் அதில் உட்கார்ந்தால் முதுகு எங்கே சாயும், கை எங்கே இருக்கும் என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டார். சர்ட்டிபிகேட்டைப் பார்த்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"சலுகை எல்லாம் சேத்துப் பாத்தாச்சு தம்பி. வயசு வரம்பு நாலு மாசம் தாண்டிப்போச்சு."

தானியேல் முன்னே வந்தார். "சார், நான் பொய் சொல்லிட்டேன் சார். அவனுக்கு அப்ப நாலு வயசே ஆவல. கோயில் புஸ்தகத்துல ஞானஸ்நானத் தேதி கீது, எத்துக்கினு வந்து காட்டறேன்."

"அது இங்க செல்லாது பெரியவரே. பள்ளிக்கூடத்துல எழுதினதுதான் வயசு."

திரும்பும் பஸ்ஸில் அருள்தாஸ் கேட்டான். "இன்னாத்துக்கு நைனா அப்டிச் சொன்ன? ஒரு வருசம் பொறுத்துச் சேத்தா இன்னா கொறஞ்சிருக்கும்?"

தானியேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகையை மகன் பார்க்கக் கூடாது என்றிருந்தது.

பத்து நாள் கழித்து நாற்றங்காலில் இருவரும் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் வரப்புக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டேய் தானியேலு, ராஜாராமுக்கு ஆர்டர் வந்துடுச்சு. தாலுகா ஆபீசுதான்."

தானியேலுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. ஏகாம்பரத்தின் மகன் ராஜாராமும் அருள்தாஸும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள். ஆனால் அருள்தாஸ் தூளியில் கிடந்தபோது ராஜாராம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.

"சின்ன ஆண்டே எங்க பையனுக்கு மூத்தவராச்சே ஆண்டே. வயசு தாண்டலியா?"

"நான் அன்னிக்கே வாத்தியார்கிட்ட சொல்லி ரெண்டு வயசு கொறச்சு, நாலரைன்னு எழுத வச்சுட்டேன்டா. பின்னாடி உத்தியோகத்துக்கு ஒதவும்னு எங்க மாமன் சொல்லிக் குடுத்தாரு. ஒலகமே கொறச்சு எழுதுது, நீ இன்னாத்துக்குடா கூட்டிச் சொன்ன?"

தானியேல் நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஏகாம்பரத்தின் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"அஞ்சு வயசானா சேரிப் புள்ளைங்கள உங்கூட்டு மாடு மேய்க்க இட்டுக்கினு பூடுவீங்க ஆண்டே. நீங்க கூப்புடறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல போட்டுடணும்னுதான்."

ஏகாம்பரத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் வரப்போடு நடந்து போய்விட்டார். அருள்தாஸ் பறித்த நாற்றைக் கையில் பிடித்தபடி, நைனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.