கல் ஆபரேஷன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மனைவி வேதாவுக்கு வராது. அதனால் வீட்டில் நான் சொன்னதுதான் சட்டம் என்று முப்பத்திரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறு வருஷத்துக்கு முன் கேன்சர் என்று அவளுடைய வலது கிட்னியை எடுத்தார்கள். பெண் மிருதுளாவுக்கு வரன் பார்த்தபோது அதைக் 'கல் ஆபரேஷன்' ஆக்கியவன் நான். கேன்சர் வந்த குடும்பம் என்றால் எவன் வாசல்படி ஏறுவான்? வேதாவுக்குப் பிடிக்கவில்லை. பெண்ணுக்காக வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வருஷம் அவளுக்கு இரண்டு மாதமாக இருமல். அஸ்தினாபுரம் மருந்துக்கடையில் இருந்த சிரப்பையெல்லாம் குடித்துப் பார்த்தாகிவிட்டது. மிருதுளாவின் மாமியார் விடவில்லை. குரோம்பேட்டையில் தன் தம்பிதான் டாக்டர் என்று எங்களைக் கையோடு அழைத்துப்போய், கூடவே உட்கார்ந்துகொண்டார்.

எக்ஸ்ரேயில் நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி.

"பழைய சளியா இருக்கலாம். முன்னாடி பெரிய ஆபரேஷன் ஏதாவது?" என்றார் டாக்டர்.

நான் முந்திக்கொண்டேன். "கிட்னியில கல்லு, சார். அது ஆச்சு பதினாறு வருஷம்."

"கல்லு இல்லை டாக்டர், கேன்சர். ஒரு கிட்னியையே எடுத்துட்டாங்க," என்றாள் வேதா. பிறகு சம்பந்தியம்மாவின் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட மறைச்சுட்டோம். மன்னிச்சுக்கோங்க."

நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தது வீணாயிற்று.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தக் கேன்சர் இத்தனை வருஷம் கழிச்சும் திரும்பி வரும்மா. நீங்க சொல்லலைன்னா மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேன். உடனே ஸ்கேன் எடுங்க."

சம்பந்தியம்மா எழுந்து போய்விட்டார். ஆட்டோவில் நான் வேதாமேல் பாய்ந்தேன். "மிருதுளா அந்த வீட்டுல வாழணுமா வேண்டாமா?"

"வாழட்டும். மாசமா இருக்கா. அவ பிரசவத்துக்கு நான் இருக்கணும் இல்ல?"

இவள் எவ்வளவு பெரிய மனுஷி என்று எனக்கு அந்த ஆட்டோவில்தான் தெரிந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் அதே கேன்சர்தான். நல்லவேளை, ஒரே இடத்தில், எடுத்துவிடக்கூடிய அளவில் இருந்தது.

ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் சம்பந்தியம்மா பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். "உங்கமேல எனக்குக் கோபம் தீரலை," என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேதாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

நானும் பின்னாலேயே போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் கேட்டாள். "பேஷண்டுக்கு முன்னாடி என்ன வியாதி சார்?"

"கேன்சர்!" என்றேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

வேதா சிரித்துவிட்டாள். "மெதுவாங்க. நான்கூட இவ்வளவு சத்தமா சொல்லலை."