பெர்சியின் எண்ணிக்கை

மான்செஸ்டரில் எங்கள் ஆர்ட்விக் இசைக்குழுவின் முதல் ட்ரம்பெட் நாற்காலியில் ஐந்து மாதமாக என்னைச் சோதனைக்கு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அந்தச் சோதனையின் கடைசிக் கச்சேரி அன்று மாலை. தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி நாடகக் கொட்டகையில் கோமாளிகள் விழும்போதெல்லாம் ஊத வேண்டியதுதான்.

அன்றைக்கென்று பார்த்து முன்பல் ஆட ஆரம்பித்தது. ட்ரம்பெட்காரனுக்கு முன்பல் போனால் எல்லாம் போச்சு. பல் டாக்டரிடம் ஓடினேன், சாயங்காலம் வரை தாங்கும்படி கட்டிவிட்டார். காலை ஒத்திகைக்கு என் சார்பில் சிரில் ஹாடோ என்ற தெரிந்த ட்ரம்பெட்காரனை அனுப்பினேன். இப்படி மாற்றாள் அனுப்புவது எங்களிடம் தப்பே இல்லை. ஆனால் ஒத்திகையில் எந்தப் பகுதியை வாசிக்காமல் தாண்டச் சொல்லி வெட்டினார்கள் என்று இசைத்தாளில் பென்சிலால் குறித்துவைப்பது அவன் கடமை.

சாயங்காலம் தாளைப் பிரித்தால் ஒரு கோடுகூட இல்லை. குழுவை நடத்தும் எங்கள் பெரியவர் சர் ஆம்புரோஸ் எதையும் முழுசாக விட்டதே கிடையாது, இரண்டு பக்கமாவது வெட்டித் தள்ளுவார். சிரில் குறிக்கவில்லையா, இல்லை பெரியவர்தான் மனசு மாறிவிட்டாரா? கேட்கலாமென்றால் அந்தப் பாவி ஐந்து மணி ரயிலில் லீட்ஸுக்குப் போய்விட்டான்.

பக்கத்து நாற்காலியில் பெர்சி விட்லம். பத்தொன்பது வருஷமாக இரண்டாம் ட்ரம்பெட். போன வருஷம் என் நாற்காலிக்கு அவரும் ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை. அவரிடம் கேட்டேன். வெட்டே இல்லை, முழுசாகத்தான் வாசிக்கிறோம் என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சத்தியமாகத் தெரியாது.

மூன்றாம் பகுதியில் எனக்குத் தொண்ணூற்றாறு தாளக்கட்டம் வேலையே இல்லை. பிறகு மெல்லிசாக ஒரு ராகம், நான் மட்டும். அவ்வளவு நேரம் சும்மா இருக்கும்போது இரண்டாமவர் எண்ணி, பத்துக் கட்டத்துக்கு ஒரு விரலாக முழங்காலில் காட்டுவது வழக்கம். பெர்சி மூன்று விரல் காட்டினார், பிறகு நாலு. அப்போது முன்னால் இருந்த வயலின்காரர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார். ஆக, வெட்டு இருக்கிறது, என் இடம் இப்போதே வந்துவிட்டது! படுபாவி பெர்சி என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறானே என்று ட்ரம்பெட்டைத் தூக்கினேன்.

"வேணாம் தம்பி, இன்னும் இருக்கு" என்று முணுமுணுத்தார்.

ஊதிவிட்டேன். இரண்டே சுரம். அதற்குள் வயலின்காரர் ஒட்டிக்கொண்டிருந்த தாளைப் பிரித்து ஒன்றைத் திருப்பிப் போட்டார். சர் ஆம்புரோஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார். ட்ரம்பெட்டைச் சட்டென்று இறக்கினேன். சரியான இடம் வந்ததும் மறுபடி வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

கச்சேரி முடிந்ததும் பெரியவர் நேராக எங்களிடம் வந்து, இது யாருடைய வேலை என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பெர்சி எழுந்தார்.

"என் தப்புங்க. எண்ணிக்கையில கோட்டை விட்டு, நான்தான் இவனைக் கெளப்பி விட்டுட்டேன்."

பத்தொன்பது வருஷமாக விரல் எண்ணத் தெரியாத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று எல்லார் முன்னாலும் பெரியவர் அவரைக் கிழித்தார். பெர்சி காது சிவக்க நின்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்னைத் திட்டுவாரு, அவ்வளவுதான். உன்னை அனுப்பிடுவாரு."

திங்கட்கிழமை வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. முதலில் கைகுலுக்கியவர் பெர்சிதான். நான் பயத்தில் அவசரப்பட்டுவிட்டேன் என்றே அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களை நம்பவில்லை, அதனால்தான் ஊதினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.